இடதுபக்கப் பொத்தான்

கலையரசனுக்கும் பரிமளாவுக்கும் வாலிகண்டபுரம் சிவன் கோயிலில் கல்யாணம் நடந்தபோது மேளம் கொட்டினார்கள், தாலி ஏறியது, அட்சதை விழுந்தது, பந்தியில் பாயசத்தை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார்கள். யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அந்தக் கல்யாணத்தின் பெருங்குறை அதுதான் என்று பிற்பாடு தெரியவந்தது.

பரிமளா அரும்பாவூரில் கிராம நர்ஸ். கலையரசன் விக்கிரமங்கலத்துக்காரன், அரியலூர் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் எலக்ட்ரீஷியன். அவள் பெற்றவர்கள் வீட்டில் இருந்தாள், அவன் அரியலூரில் ஒரு வாடகை அறையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இருவரும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, ஆளுக்கொரு ரோஸ் மில்க் குடித்துவிட்டு, எதிரெதிர்த் திசைகளில் பஸ் ஏறினார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை பேசியறியாதவர்கள், கல்யாணம் ஆன பிறகு ஊருக்குத் தெரியாமல் காதலிப்பவர்கள் மாதிரி பஸ் ஸ்டாண்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த 2007ஆம் வருஷம் நர்ஸ்களுக்கு இடமாறுதல் கலந்தாய்வு வந்தது. கணவன் வேலை பார்க்கும் ஊருக்கே மாற்றல் கேட்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: அவர் கணவன்தான் என்று இல்லறப் பதிவு வாரியத்தின் கணினி சொல்ல வேண்டும். இதை விட்டால் அடுத்த கலந்தாய்வு அடுத்த வருஷம். அதுவரை ரோஸ் மில்க்தான்.

"ரெண்டு தடவை போய் வந்தா முடிஞ்சிரும் பரிமளா" என்றான் கலையரசன். ஆலையில் பெரிய பெரிய மோட்டார்களைச் சரிசெய்கிறவன். எந்த இயந்திரமும் காரணம் இல்லாமல் நிற்காது என்று நம்புகிறவன். வாரியத்தை அவன் அதுவரை பார்த்ததில்லை.

வாரியத்தின் வழக்கம் இது. பெண்ணின் விவரத்தைப் பெண் வீட்டுப் பக்கத்து அலுவலகத்தில் பதிய வேண்டும். மாப்பிள்ளையின் விவரத்தை மாப்பிள்ளைப் பக்கத்து அலுவலகத்தில் பதிய வேண்டும். பிறகு இரண்டையும் ஒரே கணினியில் வைத்துச் சேர்க்க வேண்டும். பெண் விவரத்துக்குப் பெரம்பலூர் அலுவலகம் ஒரு மென்பொருள் செய்து வைத்திருந்தது. மாப்பிள்ளை விவரத்துக்கு அரியலூர் அலுவலகம் இன்னொன்று செய்து வைத்திருந்தது. இரண்டும் ஒன்றையொன்று நேரில் பார்த்ததில்லை.

வாரியத்தின் கணினிகளில் எல்லாம் லினக்ஸ் ஓடியது. இலவசம், யாருக்கும் அடிமையில்லை, திரையின் முகத்தை அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். கடைசியாகச் சொன்னதை மட்டும் வாரியம் மனதார ஏற்றுக்கொண்டது. ஜன்னல் எப்படித் திறப்பது, மெனு எங்கே இருப்பது, பொத்தான் எந்தப் பக்கம் நிற்பது என்பதையெல்லாம் தீர்மானிக்கும் ஏற்பாட்டுக்கு டெஸ்க்டாப் என்று பெயர். பெரம்பலூர் அலுவலகம் க்னோம் என்ற டெஸ்க்டாப்பை எடுத்துக்கொண்டது. அதன் சின்னம் ஒரு பாதம். அரியலூர் அலுவலகம் கேடிஇ என்பதை எடுத்துக்கொண்டது. அதன் சின்னம் ஒரு பல்சக்கரம். இரண்டும் தனித்தனியாக நல்ல பிள்ளைகள். ஒன்றின் வீட்டில் மற்றதன் மென்பொருளைக் குடிவைத்தால் சில சின்னச் சின்ன மனஸ்தாபங்கள் வரும். கொஞ்சம் பொறுமையும் ஒரு கெட்டிக்காரப் பையனும் இருந்தால் அவற்றைத் தீர்த்துவிடலாம். வாரியம் அந்தப் பையனை வேலைக்கு எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு அதிகாரிகளை எடுத்திருந்தது.

பெரம்பலூர் அதிகாரியின் பெயர் அய்யம்பெருமாள். அறை முழுக்கப் பாதம் போட்ட காலண்டர் அச்சடித்து மாட்டியிருந்தார். கணினிக்குக் குங்குமம் வைத்திருந்தார்.

"பாதம்னா என்னம்மா அர்த்தம்? பணிவு" என்றார் பரிமளாவிடம். "அரியலூர்ல சக்கரம் வச்சிருக்காங்க. சக்கரம்னா என்ன? சுத்த விடுறது. நீங்களே போய்ப் பாருங்க, சுத்த விடுவாங்க."

பரிமளாவின் விவரம் பிரச்சினையில்லாமல் பதிவானது. கடைசியில் திரையில் இரண்டு பொத்தான்கள் வந்தன. இடதுபக்கம் 'ரத்து', வலதுபக்கம் 'சரி'. அய்யம்பெருமாள் வேறு எங்கோ பார்த்தபடி வலதுபக்கம் அழுத்தினார். மென்பொருளையும் விவரத்தையும் ஒரு குறுந்தகட்டில் போட்டுக் கொடுத்து, "போய்ச் சேர்த்துக்குங்க" என்று அனுப்பிவைத்தார்.

அரியலூர் அலுவலகம், சிமெண்டு லாரிகள் போகும் சாலையில் இருந்தது. ஜன்னல், நாற்காலி, கோப்பு எல்லாவற்றின் மீதும் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு. அதிகாரி காசிநாதன் மட்டும் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் சுவரில் பெயிண்டால் எழுதியிருந்தது: 'கண்ணை நம்பாதே, கையை நம்பு. இடதுபக்கமே சரி.'

"ரெண்டாயிரத்து ஒண்ணுல நாங்க தனி மாவட்டம் தம்பி" என்று அவர் கலையரசனிடம் ஆரம்பித்தார். யார் வந்தாலும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார் போலிருந்தது. "அடுத்த வருஷமே பெரம்பலூரோட சேத்துட்டாங்க. கலெக்டர் போனாரு, ஜீப்பு போச்சு, பெரிய பீரோ போச்சு. டெஸ்க்டாப்பையும் தூக்கிக் குடுத்துடணுமா? என்னா நியாயம்? நான் குடுக்கல. இந்தச் சக்கரம் அரியலூரோட மானம்."

கலையரசனின் விவரத்தைப் பதிந்தார். திரையில் இடதுபக்கம் 'சரி', வலதுபக்கம் 'ரத்து'. காசிநாதன் கண்ணை மூடிக்கொண்டு இடதுபக்கம் அழுத்தினார். சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே கண்ணை மூடினார்.

கூட வந்திருந்த பரிமளாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "படிச்சுப் பாக்க மாட்டீங்களா சார்? நாங்க ஊசி போடறதுக்கு முன்னால மருந்துப் பேரைப் படிச்சுப் பாப்போம்."

"அதான் உங்க ஆஸ்பத்திரியில அவ்ளோ கூட்டம் நிக்குது" என்றார் காசிநாதன். "படிச்சா வேகம் வராதும்மா. எங்க ஆளுங்களுக்கு ஆறு மாசம் பயிற்சி, படிக்காம அழுத்துறதுக்கு."

பிறகு பெரம்பலூர்க் குறுந்தகட்டைப் போட்டார். பெண் விவர மென்பொருள், பல்சக்கரத்துக்கு நடுவே, சம்பந்தி வீட்டுக்கு முதன்முதலாக வந்தவர் மாதிரி கூச்சத்தோடு திறந்தது. எழுத்தெல்லாம் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதில் தமிழில் தட்டினால் ஒன்றும் விழவில்லை. காசிநாதனின் விசைப்பலகைத் தமிழ், சக்கரத்து மென்பொருள்களிடம் மட்டும்தான் பேசும்.

"கவலையே வேணாம். பொண்ணை இங்கேருந்து நகல் எடுத்து அங்க ஒட்டிடலாம்" என்றார் காசிநாதன். பரிமளாவின் விவரத்தை நகல் எடுத்தார். ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறந்திருக்க வேண்டும் என்பது அலுவலக ஒழுக்கம். ஆகவே அதை மூடினார். மாப்பிள்ளை மென்பொருளைத் திறந்து ஒட்டினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி ஒட்டினார்.

"பொண்ணு வரல" என்றார்.

"நான் இங்கதான சார் நிக்கிறேன்" என்றாள் பரிமளா.

"நீங்க நிக்கிறீங்கம்மா. திரையில வரல."

அந்தக் கணினியில், எங்கே நகல் எடுத்தோமோ அந்த மென்பொருளை மூடிவிட்டால் எடுத்த நகலும் கூடவே போய்விடும். கலையரசன் கொஞ்சம் கவனித்துவிட்டு, "சார், அதை மூடாம வச்சு ஒட்டிப் பாருங்களேன்" என்றான். அது வெளியார் தலையீடு என்று காசிநாதன் மறுத்துவிட்டார். அவரே வேறு வழி கண்டுபிடித்தார். மவுஸ் என்கிற எலியின் நடுச் சக்கரத்தை அழுத்தினாலும் ஒட்டும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அழுத்தினார். நிஜமாகவே ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த வழியில் ஒட்டுவது நகல் எடுத்ததை அல்ல. கடைசியாக எந்த எழுத்துகளின் மீது எலியைத் தேய்த்துக் கறுப்பாக்கினோமோ அவற்றை. காலையில் அவர் அலுவலக நேரப் பலகையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

திரையில் தெரிந்தது:

மணமகன்: கலையரசன். மணமகள்: மதிய உணவு இடைவேளை.

காசிநாதன் திரையைக் கலையரசன் பக்கம் திருப்பினார்.

"இதை ஏத்துக்கலாமா தம்பி?" என்றார் காசிநாதன், உண்மையான அக்கறையோடு. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. திருத்தம்னா தனி மனு."

"ஏங்க, வேணும்னா வச்சுக்குங்க" என்றாள் பரிமளா. "தினமும் ஒரு மணி நேரம் வருவா. ஞாயித்துக்கிழமை லீவு. என்னைவிட அவ தேவலாம்."

கலையரசனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கலந்தாய்வு அடுத்த வாரம். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

திருத்த மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்ததாகப் பெண் விவரத்தை நேரடியாகச் சேர்த்துவிடலாம் என்று பார்த்தார்கள். பெரம்பலூர் மென்பொருள் கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல்லைப் பூட்டிவைக்கப் பாதத்துக்குச் சாவிக்கொத்து தனி, சக்கரத்துக்குப் பணப்பை தனி. ஒன்று வைத்திருக்கும் ரகசியம் இன்னொன்றுக்குத் தெரியாது. காசிநாதன் போன் செய்தார். அய்யம்பெருமாளின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"போன்ல கடவுச்சொல் குடுக்கச் சொல்றீங்களே காசிநாதன், நாளைக்கு எங்க வூட்டுச் சாவியையும் போன்ல கேப்பீங்களா?"

"உங்க வூட்டுல வந்து பாக்கறதுக்கு என்னாங்க இருக்கு?"

ரொம்ப நேரம் பேசினார்கள். பரிமளா, சுவரிலிருந்த வாசகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கடைசியில் அதிகாரிகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டு சாவிகளும் ஒரே அறையில் நேருக்கு நேர் இருந்தாக வேண்டும். சும்மா கூடிவிட்டால் வாரியத்துக்குக் கௌரவம் இல்லை. ஆகவே பெரம்பலூரில் 'டெஸ்க்டாப் இணக்கப் பெருவிழா'.

விழாவுக்குக் கலையரசனின் அம்மா ராசாத்தியும் விக்கிரமங்கலத்திலிருந்து வந்திருந்தாள். மகனும் மருமகளும் தனித்தனி ஊரில் கிடப்பது அவளுக்குத் தொண்டையில் முள்ளாக இருந்தது. மண்டப வாசலில் ஆளுயர பிளெக்ஸ். அதில் ஒரு பாதமும் ஒரு பல்சக்கரமும் கைகுலுக்கிக்கொண்டிருந்தன. எதற்கு எங்கிருந்து கை வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மேடையில் இரண்டு கணினிகளுக்கும் ரோஜா மாலை.

"எம்புள்ள கல்யாணத்துல கூட இவ்ளோ பெரிய மாலை போடலயே தாயி" என்றாள் ராசாத்தி, மருமகளின் காதருகில். "அதுல எது பொண்ணு, எது மாப்புள?"

"பேசாம இருங்க அத்தை."

அய்யம்பெருமாள் முதலில் பேசினார்.

"பெரியோர்களே! வாரியம் ஏன் தாமதம் செய்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களைக் கேட்கிறேன்: ஒரே நாளில் வேலை முடிந்துவிட்டால் மக்களுக்கும் வாரியத்துக்கும் உள்ள உறவு என்ன ஆகும்? மூன்று முறை வருகிறவர் நமக்கு நண்பர். பத்து முறை வருகிறவர் நமக்குச் சொந்தக்காரர். சென்ற ஆண்டு நாம் பதிவு செய்த திருமணங்களைவிட, பதிவு செய்வதைப் பற்றி நடத்திய கூட்டங்கள் அதிகம் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எங்கள் மென்பொருளில் இன்னொரு சிறப்பு. மற்ற மென்பொருள்களில் 'ரத்து' என்ற பொத்தானை அழுத்தினால் ஜன்னல் மட்டும் மூடிக்கொள்ளும். மக்கள் வரிப்பணத்தில் செய்த பொத்தான் சும்மா மூடிக்கொண்டு போகலாமா? எங்கள் 'ரத்து', திருமணத்தையே ரத்து செய்து, அதை நிரந்தரமாகப் பதிவும் செய்யும்!"

கைதட்டல்.

பிறகு காசிநாதன். "நாங்கள் தனி மாவட்டமாக இருந்தபோது..." என்று தொடங்கி, அதிலேயே வெகுநேரம் இருந்துவிட்டு, "இணக்கத்துக்கு நாங்கள் எதிரியல்ல. அவர்கள் எங்களைப் போல மாறிவிட்டால் அன்றைக்கே இணக்கம்தான். பொதுமக்கள் சிரமப்படுவதாகச் சொல்கிறார்கள். பொதுமக்கள் எந்த டெஸ்க்டாப் பயன்படுத்துகிறார்கள்? எதுவும் இல்லை. அப்படியானால் இதில் அவர்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டு அமர்ந்தார். அதற்கும் கைதட்டல்.

இணையப்போகும் முதல் தம்பதி என்று கலையரசனையும் பரிமளாவையும் மேடைக்கு அழைத்தார்கள். இரண்டு அதிகாரிகளும் தங்கள் தங்கள் கடவுச்சொல்லை, மற்றவர் பார்க்காதபடி துண்டால் மறைத்துக்கொண்டு தட்டினார்கள். பாதம் திறந்தது. சக்கரம் திறந்தது. அதிசயம்போலப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே திரையில், பெயர் ஊர் எல்லாம் பிழையில்லாமல் வந்து நின்றார்கள். பரிமளாவுக்குக் கண் கலங்கியது. கலையரசன் யாருக்கும் தெரியாமல் அவள் விரலைத் தொட்டான். இனி ஒரே ஒரு பொத்தான்.

அதை யார் அழுத்துவது என்பதற்கு ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். மண்டபமும் கணினியும் பெரம்பலூருடையவை. ஆகவே அழுத்தும் கௌரவம் அரியலூருக்கு.

காசிநாதன் எழுந்து வந்தார். பெரம்பலூர்க் கணினியின் முன்னால், பெரம்பலூர் மென்பொருளின் முன்னால் நின்றார். திரையில் இடதுபக்கம் 'ரத்து' என்று பச்சைக் குழந்தைக்கும் தெரிகிற அளவில் எழுதியிருந்தது. அவர் கண்ணை மூடினார். கை தானாக இடதுபக்கம் போனது.

"சார், அது ரத்து! படிங்க சார்!" என்று கத்தினாள் பரிமளா.

"கையை நம்பும்மா" என்றார் காசிநாதன், கண்ணைத் திறக்காமல். அழுத்தினார்.

திரை மாறியது. திரை மாறினால் கைதட்டும்படி ஊழியர்களுக்கு முன்பே சொல்லியிருந்ததால் மண்டபமே அதிர்ந்தது. மேளம் கொட்டியது. திரையில் இருந்தது: 'இத்திருமணம் ரத்து செய்யப்பட்டது. வாழ்த்துகள்.'

"என்னாடா எழுதியிருக்கு?" என்று கீழேயிருந்து கேட்டாள் ராசாத்தி.

கலையரசன் திரையை மறுபடி படித்துக்கொண்டிருந்தான். பரிமளாதான் சொன்னாள். ராசாத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஏறினாள்.

"ஏய்யா, தாலி கட்டி ஆறு மாசம் ஆவுது. ஊரு கூடி கட்டுனதை நீ கண்ண மூடிக்கிட்டு ஒரு விரல்ல அறுத்துட்டியா? நீயெல்லாம் உருப்படுவியா?"

"அம்மா, ஆத்திரப்படாதீங்க" என்றார் அய்யம்பெருமாள். அவர் முகத்தில் கொஞ்சம் சந்தோஷம்கூடத் தெரிந்தது; தப்பு அரியலூர்க் கையால் நடந்திருந்தது. "பொத்தான் வேலை செஞ்சுதா, செஞ்சுது. ரெண்டு டெஸ்க்டாப்பும் இணைஞ்சுதா, இணைஞ்சுது. விழா வெற்றி. உங்க விஷயம் தனி. இனிமே இது மறுமணப் பிரிவுல வரும்."

"யாருக்கு மறுமணம்?" என்றான் கலையரசன்.

"பரிமளாவுக்கும் கலையரசனுக்கும். சுலபம்தான். முன்னாள் கணவர்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கணும்."

"முன்னாள் கணவர் யாரு?"

அய்யம்பெருமாள் திரையைப் பார்த்தார். "கலையரசன்."

"கலையரசன் பரிமளாவைக் கட்டிக்கறதுல கலையரசனுக்கு ஆட்சேபணை இல்லைன்னு கலையரசன் எழுதித் தரணும்."

"கரெக்டா புரிஞ்சுக்கிட்டீங்க" என்றார் அய்யம்பெருமாள், பாராட்டும் குரலில். "ஆனா ஒரே ஆள் ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட முடியாது. அதுக்கு விதி இல்ல. மேலிடத்துக்கு எழுதிக் கேக்கணும்."

அவர்கள் வெளியே வந்தபோது காசிநாதன் வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் சரியாத்தான் அழுத்தினேன். அவங்க பொத்தான்தான் தப்பான இடத்துல நின்னுது."

கலந்தாய்வு நாள் வந்தது. போய் என்ன ஆகப்போகிறது என்றாள் பரிமளா. கூப்பிட்டதற்காவது போவோம் என்றான் கலையரசன். பெரம்பலூரில் கலந்தாய்வு நடந்த பள்ளியின் வேப்பமரத்தடியில், அவளுடைய சோற்றுப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் உள்ளே போய், கணவர் பணியிடம் கேட்போர் வரிசையில் கடைசியாக நின்றாள். வரிசை நிழலைத் தாண்டி வெயிலில் நீண்டிருந்தது.

அங்கே சம்பூர்ணம் என்ற அதிகாரி, ஒவ்வொருவர் பெயரையும் வாரியத்தின் கணினியில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் கேட்டுக்கொண்டே வரிசையோடு வந்த உதவியாளர், கொஞ்ச நேரத்தில் திரும்பி ஓடிவந்து பரிமளாவைக் கையோடு முன்னால் அழைத்துப்போனார்.

"ஏம்மா நீ இந்த வரிசையில நிக்கிற?" என்றார் சம்பூர்ணம், மெதுவான குரலில். "உனக்குத் தனி வரிசைம்மா. திருமணம் ரத்துன்னு காட்டுது. துணையில்லாதவங்களுக்குத்தான் முதலிடம். உக்காரு."

"இல்லீங்க மேடம். அது தப்பா விழுந்தது. என் வூட்டுக்காரர் வெளியில மரத்தடியில நிக்கிறாரு."

சம்பூர்ணம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். திரும்பத் திரையைப் பார்த்தார். "நிக்கலாம்மா. ஆனா அவர் உன் வூட்டுக்காரர் இல்ல. நிரந்தரப் பதிவுன்னு போட்டிருக்கு."

"கழுத்துல தாலி இருக்குங்க."

"எல்லாரும் உடனே கழட்டிட முடியுமா? எனக்குப் புரியுதும்மா." சம்பூர்ணம் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "மனசை விட்டுடாத. உன் பிரிவுல இன்னைக்கு நீ ஒருத்திதான். எந்த ஊரு வேணுமோ கேளு."

பரிமளா இன்னும் ஒரு தடவை உண்மையைச் சொல்லப் பார்த்தாள். சம்பூர்ணம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தண்ணீரைக் குடித்துவிட்டு, பரிமளா நிதானமாகச் சொன்னாள்:

"அரியலூர் குடுங்க மேடம்."

"அரியலூரா? அந்தத் தூசியிலயா? அங்க உனக்கு யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தரைப் பாத்து வச்சிருக்கேங்க" என்றாள் பரிமளா. "நல்ல மனுஷன். எலக்ட்ரீஷியன். எனக்குப் புடிச்சிருக்கு."

சம்பூர்ணத்தின் முகம் மலர்ந்தது. "அதுக்குள்ளயா? நல்லா இரும்மா. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. இந்தத் தடவையாவது முறையா வாரியத்துல பதிவு பண்ணிக்கோ."

அவள் வெளியே வந்தபோது கலையரசன், சோற்றுப் பாத்திரத்தின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றிருந்தான்.

"என்னாச்சு?"

"அரியலூர் கெடச்சிருச்சுங்க."

அவன் பாத்திரத்தைக் கீழே போட்டுவிடப் போனான். "எப்படி? நாம புருஷன் பொண்டாட்டின்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"இல்ல. புருஷன் பொண்டாட்டியா இருந்தா கடைசி வரிசை. நமக்குள்ள ஒண்ணும் இல்லங்கறதாலதான் முதல் வரிசை." அவள் பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். "அந்தக் காசிநாதன் சாருக்கு ஒரு கும்பிடு போடணும்."

பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ் நின்றது. அன்றைக்குத்தான் முதன்முறையாக இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். இருவர் உட்காரும் இருக்கையில் அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். கலையரசன் பக்கத்தில் உட்காராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உக்காருங்க."

"நீங்க யாருன்னே தெரியாதே. பதிவுல பாத்தீங்கன்னா..."

"உக்காருங்கன்னா" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எந்தப் பக்கம்னு மட்டும் படிச்சுட்டு உக்காருங்க."

அரியலூர் வழக்கப்படி அவன் அவளுக்கு இடதுபக்கம் உட்கார்ந்தான்.